லேபிள் ஒட்டிய காத்தாடி

தங்கப்பாண்டியன் முதலாளி ஏரோப்ளேன் வாங்கியதற்கு ஒரே காரணம்தான். அதற்கு முந்தின மாதம் அவருடைய பங்காளி உக்கிரபாண்டி வெளிநாட்டுக் கார் வாங்கியிருந்தார். இரண்டு பேருக்கும் ஏழாயிரம்பண்ணையில் வெடிக் கம்பெனி. ஒருத்தர் இரண்டு மாடி கட்டினால் இன்னொருத்தர் மூன்றாவது மாடி எழுப்பாமல் தூங்க மாட்டார். காருக்கு மேலே என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்த தங்கப்பாண்டியன், 2005 ஐப்பசியில், வடக்கே ஏதோ ஒரு விமானக் கிளப் கழித்துப் போட்ட இரண்டு சீட்டு விமானத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, காரியாபட்டிப் பக்கம் தனக்கிருந்த கரிசல் காட்டில் இறக்கினார். காட்டைச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டார். தகரக் கொட்டகை எழுப்பினார். அதற்கெல்லாம் எப்படி அனுமதி கிடைத்தது என்பது தனிக் கதை. அதைச் சொன்னால் சொல்கிறவன் வாய்தான் நாறும்.

விமானத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வெளியூரில் தேடவே வேண்டியிருக்கவில்லை. அவர் கம்பெனியிலேயே இருபது வருசம் வெடிமருந்து சலித்துக் கலந்த மாடத்தியின் மகன் பிரபாகரன், விமானம் பழுதுபார்க்கிற படிப்பைப் படித்து, பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை தேறி லைசென்ஸ் வாங்கியிருந்தான். லைசென்ஸ் என்றால் அவன் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. அவன் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு விமானம் மேலே போகும், போடாவிட்டால் கொட்டகையிலேயே கிடக்கும். அந்த லைசென்ஸ் புத்தகம் கைக்கு வந்த அன்றைக்கே மாடத்தி, வருகிற பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். வெடிக் கம்பெனி வாடையே படாமல் மகன் பிழைத்துக்கொண்டான் என்று அவளுக்கு அவ்வளவு நிம்மதி. கடைசியில் அவன் வந்து நின்றது அதே முதலாளி வாசலில்தான். புது லைசென்ஸ்காரனை நம்பி யார் விமானத்தைக் கொடுப்பார்கள்? கிடைத்தது இது ஒன்றுதான்.

விமானத்தின் மூக்கில் சுற்றுகிற புரொப்பெல்லரை அந்தப் பக்கத்தில் எல்லாரும் காத்தாடி என்றுதான் சொன்னார்கள். பழைய காத்தாடி மரம். பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கியது. விருதுநகர் ஜில்லா வெயிலுக்கு அந்த ஒட்டு இரண்டே மாதத்தில் வாயைப் பிளந்தது. கார்பன் இழையையும் கண்ணாடி இழையையும் பிசினில் படிய வைத்துச் செய்கிற புதுவகைக் காத்தாடி வெயிலுக்கு அசையாது என்று பிரபாகரன்தான் யோசனை சொன்னான். தை மாதம் அது பெரிய பெட்டியில் வந்து இறங்கியது. கறுப்பாக, வழவழப்பாக, ஒரு கையால் தூக்கிவிடலாம் போல இருந்தது. பிரபாகரன் அதைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

ஆனால் அந்த விமானத்தின் மூலக் காகிதத்தில் மரக் காத்தாடி என்றுதான் எழுதியிருந்தது. வேறு எதை மாட்டினாலும் ஒப்புதல் வாங்க வேண்டும். பிரபாகரன் விண்ணப்பம் போட்டான். பக்கத்துக்கு நம்பர் இல்லை என்று ஒரு தடவை திரும்பி வந்தது. நம்பர் போட்டு அனுப்பினால், நம்பர் மேலே இருக்கிறது, கீழேதான் இருக்க வேண்டும் என்று மறுபடி வந்தது. ஒரு மாதம் இந்தக் கூத்து நடந்தது. பிறகு ஒருவழியாகச் சோதனைக்கு மட்டும் அனுமதி வந்தது. புதுக் காத்தாடியை மாட்டி, கீழே ஊரில்லாத காட்டுக்கு மேலேயே இருபத்தைந்து மணி நேரம் பறந்து காட்ட வேண்டும். விமானம் தரையை விட்டு எழும்புகிற ஒவ்வொரு தடவையையும் ஒரே நோட்டில் எழுதி பைலட்டும் மெக்கானிக்கும் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீசர் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் ஊருக்கு மேலே போகலாம், வேற்றாளை ஏற்றலாம்.

பைலட் மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற ரிட்டயர்டு ஆள். பங்குனி பாதி கழிந்தபோது ஒன்பது மணி நேரம்தான் ஆகியிருந்தது. முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஏலே பிரபா, இது என்ன இழவுலே? எங் கம்பெனியில புது வெடிக்குப் பெர்மிட்டு வாங்க இம்புட்டு நாளு ஆனதில்ல. லட்சுமிகாந்தத்துக்கிட்ட குடு நோட்ட.”

லட்சுமிகாந்தம் வெடிக் கம்பெனியின் ரெஜிஸ்டர் பார்க்கிறவர். இருபத்திரண்டு வருசத்தில் எந்த ஆபீசரும் அவர் ரெஜிஸ்டரில் ஒரு எழுத்தைக் கூடக் குற்றம் சொன்னதில்லை. ஒரு அறைக்கு நாலு பேர்தான் வேலை செய்யலாம் என்பது சட்டம். உள்ளே பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஆபீசர் ஜீப் ரோட்டில் திரும்புவதற்குள் தகவல் வந்துவிடும். எட்டுப் பேரைப் பின்பக்கமாகக் கருவேலங்காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். ரெஜிஸ்டரில் நாலு பெயர் அழகாக இருக்கும். பிரபாகரன் சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட லீவுக்கு அம்மாவோடு போன ஒரு நாள், அவனும் அந்த முள்ளுக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். மூன்று மணி நேரம். மாடத்தி அவன் வாயைப் பொத்தியிருந்தாள். அவள் கையெல்லாம் அலுமினியப் பொடி. வெள்ளி பூசின கை மாதிரி மினுமினுத்தது. அந்தக் கசப்பு இன்னும் அவன் நாக்கில் இருக்கிறது.

“பைலட்டும் நானும் போதும் மொதலாளி. நோட்ட நான் பாத்துக்கிடுதேன்” என்று பிரபாகரன் அன்றைக்கு மழுப்பிவிட்டான்.

பங்குனிப் பொங்கல் வந்தது. விருதுநகரே மஞ்சள் சேலையாக நடந்தது. மாடத்தி வேப்பிலையை அடியில் கொடுத்து, எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி வந்தாள். ‘ஆகோ அய்யாகோ’ என்று சனம் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவன் பேசுவது கேட்கவில்லை. பிரபாகரன் தண்ணீர்ச் செம்போடு அம்மாவுக்குப் பக்கத்தில் நடந்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பெற்ற பிள்ளையின் அழுகையை எந்தக் கூட்டத்திலும் தாய் கண்டுபிடிப்பாள் என்பார்களே, அவன் அப்படித்தான் அதைக் கண்டுபிடித்தான். நிமிர்ந்து பார்த்தால் அவனுடைய விமானம். கறுப்புக் காத்தாடி. சோதனை முடியாத காத்தாடி. கீழே ஒரு லட்சம் தலை. கோபுர உயரத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. சத்தத்தில் ஒரு கரகரப்பு வேறு இருந்தது. பைலட்டுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து கட்டுக் கட்டாக எதையோ அவிழ்த்து விட்டது.

நோட்டீஸ். ரோஸ் கலர் நோட்டீஸ். ‘வானத்திலிருந்து உங்கள் இல்லத்துக்கு! பங்குனிப் பொங்கல் திருநாளில் எங்கள் விமானம் தூவும் இந்த நோட்டீசுடன் வருவோருக்கு மரங்கொத்தி மார்க் பட்டாசு கிப்ட் பாக்ஸில் சலுகை!’ தேதி, விமானத்தின் படம், முதலாளி கும்பிட்டு நிற்கிற படம், எல்லாம் இருந்தது. சனம் சாமியை விட்டுவிட்டுக் கையை மேலே நீட்டியது. ஒரு நோட்டீஸ் நேராக வந்து மாடத்தியின் சட்டியில் விழுந்து குப்பென்று பற்றியது. எரிகிற துண்டு அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. அவள் பல்லைக் கடித்தாளே தவிர சட்டியை விடவில்லை. பிரபாகரன் கையாலேயே தட்டி அணைத்தான். அவன் லைசென்சுக்காக எரிந்த சட்டியில் நோட்டீஸ் படத்து முதலாளி பல்லைக் காட்டிக்கொண்டு எரிகிறார்!

மறுநாள் காலையில் சண்டை போடுகிற முடிவோடுதான் கொட்டகைக்குப் போனான். கொட்டகையில் முதலாளியும் லட்சுமிகாந்தமும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். காத்தாடியின் இரண்டு நுனியிலும் கம்பெனி லேபிள் ஒட்டியிருந்தது. சிவப்பு மரங்கொத்தி, சுற்றிலும் தங்க ஜரிகை. லேபிளுக்கு மேலும் கீழும் அலுமினியப் பெயிண்டில் கோடு வேறு.

“என்ன மொதலாளி இது? சோதனையில இருக்கிற காத்தாடிய ஊருக்கு மேல கொண்டு போகலாமா? ஏதாச்சும் ஆயிருந்தா?”

“ஆகலையேலே. ஆகாததுக்கு எதுக்குக் குதிக்க? ஊரே அண்ணாந்து பாத்துச்சு. உக்கிரபாண்டி மொகம் போன போக்கைப் பாக்கணுமே!”

“லேபிளு எதுக்கு?”

“அழகுக்குத்தான் தம்பி” என்றார் லட்சுமிகாந்தம். “நம்ம பொருளு ஒண்ணு லேபிளு இல்லாம வெளிய போயிருக்கா?”

பிறகு அவர் நோட்டை எடுத்து வைத்தார். மீதிப் பதினாறு மணி நேரத்தையும் எழுதி முடித்திருந்தார். என்ன வேலைப்பாடு! மூன்று விதப் பேனா. ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை, ஒரு பக்கத்தில் டீ டம்ளர் வட்டம். காற்று இந்தப் பக்கம், வெப்பம் இத்தனை என்று பத்தி பத்தியாக இருந்தது. நோட்டை வெயிலில் காயப்போட்டுப் பழசாக்கிக்கூட இருந்தார். பைலட் வெற்றுப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிரபாகரன் இடம் மட்டும் காலி.

“போடுலே. வர்ற வியாழக்கெழம ஆபீசர் வாராக. அன்னைக்குச் சாயந்தரமே வடக்க இருந்து வர்ற ஏஜெண்டுமாரை ஒவ்வொருத்தரா மேல கூட்டிட்டுப் போகணும். தீவாளி ஆர்டர் அம்புட்டும் அதுலதான் நிக்கி.”

“பறக்காததுக்கு எப்படி மொதலாளி...”

தங்கப்பாண்டியன் கோபப்படவில்லை. இளநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “உங்க ஆத்தா எங்கிட்ட இருவது வருசம் வேல பாத்திருக்கா. ஒரு இன்ஸ்பெக்ஷன்லயாவது எம் பேரக் கெடுத்திருப்பாளா? போயி ஒளிஞ்சுக்கோன்னா ஒளிஞ்சுக்கிடுவா. வான்னா வருவா. தங்கமான பொம்பள. அவ மகன்தானலே நீ?”

இதைக் கேட்டதும் நோட்டை அவர் முகத்தில் விட்டெறிந்தான் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவன் கையெழுத்துப் போட்டான். பதினொரு இடத்தில். ஒவ்வொரு இடத்திலும் லைசென்ஸ் நம்பரோடு. இந்த வேலை போனால் வேறு விமானம் கிடையாது, விமானத்தைத் தொடாமல் இருந்தால் லைசென்ஸ் காலாவதியாகிவிடும் என்று ஒரு கணக்கு அவன் மண்டையில் ஓடியது. கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது. அந்தக் கையைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில், ஆபீசர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், காத்தாடியைத் துடைக்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தான். பிசினில் செய்ததை அப்படித்தான் சோதிப்பார்கள். உள்ளே அடுக்குகள் ஒட்டியிருந்தால் ‘டிங்’ என்று கேட்கும். நடுவிலிருந்து நுனி வரை டிங், டிங், டிங் என்று வந்தது. லேபிள் மேல் தட்டினால் ‘டொப்’. இன்னொரு நுனியில் லேபிள் மேலும் டிங்தான். மறுபடி இந்தப் பக்கம் வந்து தட்டினான். டொப். லேபிள் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தான். பொங்கலன்றைக்கு ஓடுபாதையிலிருந்து கிளம்பிய கல் ஏதோ அடித்திருக்கிறது. கட்டைவிரல் அகலத்துக்குச் சில்லு போயிருந்தது. அடுக்குகள் உள்ளே விட்டிருந்தன. அந்தப் பள்ளத்தில் லட்சுமிகாந்தம் மைதாப் பசையும் காகிதமும் திணித்து, மேலே அலுமினியப் பெயிண்ட் அடித்து, லேபிள் ஒட்டியிருந்தார். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கட்டும் என்று நல்ல நுனியிலும் ஒன்று. ஓட்டையைக் கண்டால் லேபிள் ஒட்டுகிற புத்தி அந்தக் கம்பெனிக்கே உரியது.

ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னான். “இது சுத்துற வேகத்துக்குப் பிய்ச்சிக்கிட்டுப் போயிரும் மொதலாளி. எஞ்சினையே உலுக்கிப் போட்டுரும். ஆளு செத்துருவாக.”

“இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்லே.”

“சாயந்தரம் ஏஜெண்டுமாரு...”

“முடியட்டும்கேன்ல? அங்கிட்டு நில்லு, வாயத் தொறக்காத.”

ஆபீசர் வேல்விழி சென்னையிலிருந்து ரயிலில் வந்து விருதுநகரில் இறங்கி, முதலாளி அனுப்பிய காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு ஆட்டோவில் வந்தார். நாற்பது வயது இருக்கும். சால்வையை வாங்கவில்லை. கிப்ட் பாக்ஸை வாங்கவில்லை. டீ கூடக் குடிக்கவில்லை. நேராக மேஜையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். லட்சுமிகாந்தத்தின் முகத்தில் கல்யாண வீட்டுச் சமையல்காரர் பந்தியைப் பார்க்கிற பெருமை.

“பங்குனிப் பொங்கல் வாரம் முழுக்க எண்ட்ரியே இல்லையே?” என்றார் வேல்விழி.

லட்சுமிகாந்தம் முந்திக்கொண்டார். “அந்த வாரம் எங்க பக்கம் எந்த மிசினும் ஓடாது மேடம். ஒரு பய வேலைக்கு வர மாட்டான். இருவத்திரண்டு வருசமா எந்த ரெஜிஸ்டர்லயும் பொங்கலுக்கு நான் எண்ட்ரி போட்டதில்ல.”

அது உண்மைதான். பொய்க் கணக்கிலும் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. உழவு மாட்டுக்கு லீவு விடுகிற மாதிரி பொங்கலுக்கு விமானத்துக்கும் லீவு விட்டிருந்தார். அந்த ஒன்பது மணி நேரத்துக்குப் பிறகு விமானம் நிஜமாகவே பறந்த ஒரே ஒரு நாளை, ஊரே பார்த்த நாளை, அவர் கை பழக்கத்தில் தாண்டிப் போயிருந்தது.

வேல்விழி கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். ரோஸ் கலர். படத்தில் முதலாளியின் கும்பிட்ட கையில் எண்ணெய் ஊறியிருந்தது. “காலையில ஸ்டேஷன் வாசல்ல வடை வாங்கினேன். இதுலதான் மடிச்சுக் கொடுத்தாங்க. அந்தக் கடையில இன்னும் ஒரு கட்டு இருக்கு.”

முதலாளிக்கு ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. “அது பழைய மரக் காத்தாடி மேடம்! அன்னைக்கு அத மாட்டித்தான் பறந்தோம். அதுக்கு வேற நோட்டு இருக்கு. என்ன லட்சுமிகாந்தம்?”

“ஆமா மேடம், வேற நோட்டு. கம்பெனியில இருக்கு. ஒரு மணி நேரத்துல கொண்டாந்துருதேன்.”

ஒரு மணி நேரத்தில் அவர் கொண்டுவந்தும் விடுவார். அதில் பொங்கலன்றைக்கு மரக் காத்தாடி அழகாகப் பறந்திருக்கும். டீக்கறையோடு.

வேல்விழி திரும்பினார். “மெக்கானிக் நீங்கதானே? புதுசைக் கழட்டிட்டு மரக் காத்தாடியை மாட்டியிருந்தா உங்க கையாலதான் மாட்டியிருக்கணும். மாட்டினீங்களா?”

ஆமா என்று ஒரு வார்த்தை. அதுதான் வேண்டியது. முதலாளி அவனைப் பார்த்து, ரொம்பப் பரிவாக, தலையை ஆட்டிக் காட்டினார். முள்ளுக்குள் போய் உட்காரச் சொல்லும்போதும் இவர் இப்படித்தான் ஆட்டியிருப்பார் என்று பிரபாகரனுக்குத் தோன்றியது.

அவன் சட்டைப்பையிலிருந்து நாணயத்தை எடுத்தான். காத்தாடியிடம் போய்த் தட்டினான். டிங். டிங். டிங். டிங். டொப்.

வேல்விழி எழுந்து வந்தார். இரண்டாம் தடவை தட்டச் சொல்லவில்லை. அவன் லேபிளைப் பிடித்து இழுத்தான். பாதி கிழிந்து வந்தது. மிச்சத்தையும் பெயிண்டையும் நகத்தால் சுரண்டினான். பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“இதுதான் மேடம் பொங்கலுக்குப் பறந்துச்சு. நோட்டுல ஒம்பது மணி நேரந்தான் நெசம். மிச்சம் பூராப் பொய்யி.”

“பாவி, திங்கிற சோத்துல மண்ணள்ளிப் போடுதானே!” என்று முதலாளி கத்தினார். உடனே குரலை மாற்றிக்கொண்டார். “மேடம், எனக்கு இந்த டெக்னிக்கல் எல்லாம் என்ன தெரியும்? எல்லாம் இவன் வேலைதான். கையெழுத்தப் பாருங்க, எம் பேரு ஒரு எடத்துல இருக்கா?”

இல்லை. அவர் பெயர் எங்கேயும் இல்லை. அவர் பெயர் வடைக் காகிதத்தில்தான் இருந்தது.

“பதினொரு இடத்துல உங்க கையெழுத்து இருக்கு” என்றார் வேல்விழி அவனிடம். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

“ஆமா மேடம். நாந்தான் போட்டேன்.”

“லைசென்ஸைக் கொடுங்க.”

கொடுத்தான். ஒப்புதல் மறுக்கப்படுகிறது, விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது என்று அவர் அங்கேயே எழுதி, ஓர் எச்சரிக்கைச் சீட்டைக் காத்தாடியில் கட்டித் தொங்கவிட்டார். லட்சுமிகாந்தம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “பொங்கலுக்கு ஒரு எண்ட்ரி போட்டிருக்கலாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த ஆளுக்கு அது ஒன்றுதான் வருத்தம்.

பிரபாகரன் இரண்டு பஸ் மாறி ஏழாயிரம்பண்ணை வந்து சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. மாடத்தி மணிக்கட்டுப் புண்ணில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

“என்னய்யா, வெள்ளனத்துல வந்துட்ட?”

“லைசென்சு போச்சும்மா.”

அவள் மருந்துக் குப்பியை மூடி வைத்தாள். அவன் நடந்ததை எல்லாம் சொன்னான். கையெழுத்துப் போட்டதையும் மறைக்கவில்லை. மாடத்தி புண்ணில் ஊதிக்கொண்டே கேட்டாள். அந்தச் சட்டி வீணாகப் போயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லி அழுதாலாவது தேவலை என்று அவனுக்கு இருந்தது.

“அந்தம்மா கேக்கும்போது நீ எங்கன நின்ன?” என்றாள் கடைசியில்.

“காத்தாடிக்கு முன்னாலதான்.”

“காட்டுக்குள்ள ஒளியலையே?”

“இல்லம்மா.”

“அப்பச் சரி. கையக் களுவிட்டு வா. சோறு போடுதேன்.”

அவன் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தான். நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் வெள்ளிப் பெயிண்ட் அப்படியே இருந்தது. மண்ணைத் தொட்டுத் தேய்த்தான். செங்கல்லில் உரசினான். தோல் சிவந்ததே தவிர மினுமினுப்பு போகவில்லை. மாடத்தி தட்டோடு வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

“அது சோப்புக்கெல்லாம் போகாதுய்யா” என்றாள். “எனக்கே இன்னும் போகல. வா, அப்படியே சாப்பிடு.”